மாமனின் காந்தமும் நம் வீட்டு உப்புத்தண்ணியும்

அம்மணி,

மானம் போகிற விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பேச வசதியாக இருக்கும். சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை காலையில், குளித்து, வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, நம் வீட்டுக் கொல்லையில் போர்வெல் குழாயில் மாட்டியிருந்த ஒரு காந்த வளையத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, கற்பூரம் காட்டிக் கும்பிட்டேன். கும்பிட்டுத் திரும்பினால், பக்கத்து வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா, "இது எந்தச் சாமிங்க, புதுசா இருக்குதுங்களே?" என்றார். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டே, "தண்ணிச் சாமிங்க" என்றேன். காந்தப்புலத்தை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கிய பெண்ணைப் பெற்றவன் நான். கருமத்தம்பட்டியில் தறி உதிரி பாகம் விற்றுப் பிழைக்கிறவன், இரும்போடும் கிரீஸோடும் பாதி வாழ்க்கையைக் கழித்தவன். அப்படிப்பட்டவன் ஒரு வளையத்துக்குக் கற்பூரம் காட்டினான் என்பதை நீ வேறு யார் வாயிலாவது கேட்பதைவிட என் வாயால் கேட்பது நல்லது.

இந்தக் கடிதத்தை ஊரறிய எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. ஒட்டி அனுப்பினால் என் அக்கா தங்கச்சிகள் இட்லி ஆவியில் காட்டியாவது பிரித்துப் படித்துவிடுவார்கள். திறந்து போட்டுவிட்டால், இதில் என்ன இருந்துவிடப் போகிறது என்று ஒருத்தரும் தொட மாட்டார்கள். ஆகவே தைரியமாக எழுதுகிறேன். எனக்குக் கோபம் வந்திருக்கிறது. உன் அன்னூர் மாமன் மேல் கோபம், நம் உறவு ஜனம் மொத்தத்தின் மேலும் கோபம், என் மேல் கொஞ்சம். எல்லாவற்றையும்விட உன் மேல் அதிகம். ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து போனில் என்ன சொன்னாய்? "உடுங்கப்பா, மாமா கேக்கற மாதிரியே பேசி அனுப்பிப்போடறேன். அம்மா அழுவறாங்க, பாவம்." அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. (உங்கம்மா இதைப் படித்தால் சிரிப்பாள். தோசை இறங்கியது, அது வேறு.) நீ அப்படிப் பேசி அனுப்பக் கூடாது. அதைச் சொல்லத்தான் இத்தனை காகிதம்.

உன்னைத் திட்டுவதற்கு முன் என் பங்கைச் சொல்லிவிட வேண்டும். நம் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் பந்திக்கு இடம் பிடிக்கக் காத்திருக்கும் நேரத்தில்தான் அடுத்தவன் பிள்ளைகளைப் பற்றிய விசாரணை முழுவதும் நடக்கும். "பாப்பா என்னங்க பண்ணுது?" என்பார்கள். "பி.எச்.டி. பண்ணுதுங்க" என்பேன். "எதுலீங்க?" என்பார்கள். அந்த இடத்தில்தான் எனக்குச் சிக்கல். உன் ஆராய்ச்சியின் தலைப்பை மனப்பாடம் செய்துதான் வைத்திருந்தேன்: காந்தப்புலத்தில் மின்னூட்டத் துகள்களின் சீரற்ற இயக்கம். ஒரே ஒரு தடவை அதை முழுசாக ஒருவரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "போச்சாதுங்க, கல்யாணமானா எல்லாஞ் சரியாப் போயிருமுங்க" என்று ஆறுதல் சொன்னார். அதற்கப்புறம் நான் "மோட்டார்ல ஆராய்ச்சி பண்ணுதுங்க" என்று சொல்ல ஆரம்பித்தேன். மோட்டார் என்றதும் கேட்கிறவர் முகத்தில் ஒரு பல்பு எரியும் பார், அதற்காகவே சொல்லலாம். நீ லீவில் வந்தபோது நம் வாசலில் கருகிப்போன பம்ப்செட் மோட்டார்கள் கிடந்தனவே, யாரோ இடம் தெரியாமல் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள் என்று சொன்னேனே, அது பொய். அவை உன் பார்வைக்காக வந்தவை.

என்ன அநியாயம் என்று யோசித்துப் பார். ஒருத்தர் மகன் வெளிநாட்டில் என்ன செய்கிறான் என்று பெற்றவருக்கும் தெரியாது, கேட்கிறவருக்கும் தெரியாது. "சாஃப்ட்வேருங்க" என்றதும் இரண்டு பேரும் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுக் கை கழுவப் போகிறார்கள். ஒரு பெண்பிள்ளை பௌதிகம் படித்தால் மட்டும் "அதனால என்னங்க பிரயோசனம்?" என்று நடு மண்டபத்தில் நிறுத்திக் கேட்கிறார்கள். நீ இன்ஜினியரிங் வேண்டாம், பி.எஸ்ஸி. போதும் என்று சேர்ந்தபோது துக்கம் விசாரிக்கிற மாதிரி ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார்களே, நினைவிருக்கிறதா? நான் என்ன செய்தேன்? "அடுத்த வருசம் பார்த்துக்கலாமுங்க" என்று சொல்லி ஆப்பிளை வாங்கி உள்ளே வைத்தேன். அந்த ஆப்பிள் இன்றைக்கும் எனக்குத் தொண்டையில் நிற்கிறது.

உன் ஆராய்ச்சி எனக்குப் புரிந்ததும் ஒரு பந்தி வாசலில்தான். உன் சித்தப்பா மகன் கல்யாணம். முதல் பந்தி எழுந்து கதவைத் திறந்ததும் ஜனம் உள்ளே பாய்ந்தது. நாம் இரண்டு பேரும் தூணோரம் ஒதுங்கி நின்றோம். "அப்பா, அங்க பாருங்க" என்றாய். "ஒவ்வொருத்தரும் ஒரு எட்டு வைக்கறதுக்குள்ள இன்னொருத்தர் மேல இடிச்சு, வேற பக்கந் திரும்பி, மறுக்கா இடிச்சு, எங்க போறம்னே தெரியாமப் போறாங்க பாருங்க. சூட்டுல துகளெல்லாம் இப்புடித்தானுங்கப்பா அலையும். இப்ப காந்தம் வைக்கறதுன்னா, எல்லாரும் நடக்கறப்ப எடது கைப் பக்கமாவே வளைஞ்சு வளைஞ்சு நடக்கோணும்னு சாபம் உட்ட மாதிரிங்க. சாபம் நடையை வேகமாக்காது, மெதுவாக்காது. திருப்ப மட்டுந்தான் செய்யும். அதனால ஆரும் சீக்கிரம் எலைக்குப் போய்ச் சேர மாட்டாங்க. சுத்திச் சுத்தி நின்ன எடத்துப் பக்கமே நிப்பாங்க. ஆனா எத்தன நேரமானாலுஞ் சரின்னு உட்டுப்போட்டா, கடைசீல மண்டபத்துல எங்கெங்க எத்தன பேர் நிக்கறாங்கன்னு பார்த்தா, சாபம் இருந்தாலும் இல்லாட்டியும் ஒண்ணுதானுங்க."

உன்னை பி.காம். பக்கம் திருப்பியவன் நான், பேங்க் பரீட்சைப் பக்கம் திருப்பியவன் நான், அவிநாசியில் ஒரு நல்ல வரன் பக்கம் திருப்பப் பார்த்தவனும் நான். திருப்பியதெல்லாம் திருப்பி, கடைசியில் நீ நான் இல்லாமல் இருந்தாலும் எங்கே போய் நின்றிருப்பாயோ அங்கேயேதான் போய் நின்றாய். தகப்பன்மார்களைப் பற்றி இவ்வளவு மோசமான செய்தியை பௌதிகம் என்ற பெயரில் அரசாங்கச் செலவில் கண்டுபிடிக்கிறார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நான் கோபித்துக்கொள்வதற்குள் ஜாங்கிரி தீர்ந்துவிடும் என்று ஓடிவிட்டேன்.

இனி உன் அன்னூர் மாமன். உனக்குத் தெரியும், வெளியாட்களுக்காகச் சொல்கிறேன். உங்கம்மாவுக்கு ஒரே தம்பி. தென்னை, வாழை என்று நல்ல தோட்டம் இருக்கிறது, ஆனால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாத கை. ஈமு கோழி வளர்த்தான். அது அவனை ரோடு வரைக்கும் துரத்தியதை ஊரே நின்று பார்த்தது. அடுத்து கற்றாழை போட்டான். வாங்க ஆளில்லாமல் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரு வருடம் தலைக்குத் தேய்த்துக்கொண்டோம். இந்த வருடம் காந்தம். போர்க் குழாயில் மாட்டினால் உப்புத்தண்ணி நல்ல தண்ணியாகிவிடும் என்று யாரோ விற்கிற வளையத்துக்கு ஏஜென்சி எடுத்திருக்கிறான். நம் வீட்டில் இரண்டு தண்ணி என்பது உனக்குச் சொல்லத் தேவையில்லை. போரில் வருவது உப்புத்தண்ணி, குளிக்க, துவைக்க. பக்கெட்டில் வெள்ளையாகப் படிந்து சுரண்டினாலும் போகாது. குடிக்க, சமைக்க, பஞ்சாயத்துக் குழாயில் ஆத்துத்தண்ணி வருகிற அன்றைக்குப் பிடித்துக் குடத்தில் வைத்துக்கொள்வது. மாமன் வந்து, "இனி அந்தக் குழாய்க்குக் காத்துக் கெடக்க வேண்டாமுங்க மச்சான்" என்றான். "அம்மணி எதுலீங்க டாக்டர் வாங்குச்சு?"

"காந்தமுங்க மாப்ள."

"அப்பறமென்னங்க. உப்புல கரண்டு இருக்குது. காந்தத்தைக் கண்டா அது பயந்துட்டு ஓரமா ஒதுங்கிரும். அம்மணி கண்டுபுடிச்சதே இதானுங்க."

நான் மறுக்கவில்லை. மோட்டாருக்கு இது எவ்வளவோ பரவாயில்லை, உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கிறது என்று எனக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. வளையத்தை மாட்டினான். நான் கும்பிட்டேன். அன்றைக்கே உங்கம்மாவிடம் போர்த்தண்ணியில் ஒரு டம்ளர் கொண்டுவரச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். இனித்தது அம்மணி. சத்தியமாக இனித்தது. அன்றிலிருந்து போர்த்தண்ணிதான் குடிக்கிறேன் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். உங்கம்மா மட்டும் குழாயில் தண்ணி வருகிற அன்றைக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதை விடவில்லை. "விஞ்ஞானம் ஊட்டுக்குள்ள வந்தும் உனக்குக் குடந்தானா?" என்று கேலி செய்தேன். அவள் குடத்தை மூடி வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

வைகாசியில் உனக்கு உப்புச்சக்கரை. பொள்ளாச்சியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து, உப்பும் சக்கரையும் மாற்றிக் கல்யாணத்தை உறுதி செய்கிற அந்த நல்ல நாளில், தட்டு மாற்றிய கையோடு மாமன் நடுக்கூடத்தில் எழுந்து நின்றான். கையில் ஒரு வளையம். "சம்பந்திங்களா, இதெல்லாம் எங்க அம்மணி கண்டுபுடிப்புங்க" என்று ஆரம்பித்து, உங்கம்மாவைப் பார்த்து, "அக்கா, வந்தவிங்களுக்கெல்லாம் போர்த்தண்ணி ஒரு டம்ளர் குடுக்கா" என்றான். எல்லோரும் குடித்தார்கள். ஒருத்தர் "இளநியாட்ட இருக்குதுங்க" என்றார். இன்னொருத்தர் "கல்கண்டுங்க" என்றார். உன் மாமனாராகப் போகிறவர் நிதானமாக வாயில் வைத்துச் சுவைத்து, "எங்கூரு ஆத்துத்தண்ணியாட்டவே இருக்குதுங்க" என்றார். மரியாதைக்கு மனிதர்கள் எவ்வளவு தூரம் போவார்கள் பார். ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்த மனுஷன், சோப்பு நுரைக்காத நம் போர்த்தண்ணியை ஆத்துத்தண்ணி என்கிறார்.

அத்தோடு விட்டானா? "நீயே சொல்லு அம்மணி, காந்தந்தானே காரணம்?" என்று உன் பக்கம் திரும்பினான். பட்டுச்சேலையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த நீ நிமிர்ந்து, "இல்லீங்க மாமா. காந்தம் உப்பை ஒண்ணும் பண்ணாதுங்க" என்றாய். அப்போதாவது நிறுத்தினாயா? "தண்ணிக்குள்ள அந்த உப்பு ஒரு எட்டு வைக்கறதுக்குள்ள எத்தனையோ இடி வாங்குதுங்க மாமா. வளையறதுக்கு அதுக்கு நேரமே இல்லீங்க. அப்பிடியே வளைஞ்சாலும் தண்ணிக்குள்ளதானுங்க இருக்கும், எங்க போகும்?" என்றாய். "அப்பறம் ஏனுங்க இனிக்குது?" என்று யாரோ கேட்டார்கள். "அதானுங்க எனக்குந் தெரியல" என்றாய். மாப்பிள்ளைப் பையன் மட்டும் குனிந்துகொண்டு சிரித்தான். அவன் பிழைத்துக்கொள்வான்.

மாமன் டம்ளரைக் கீழே வைத்தான். செருப்பை மாட்டினான். சாப்பிடாமல் போய்விட்டான். நம் பக்கத்தில் வைவதென்றாலும் வார்த்தைக்கு வார்த்தை "ங்க" போட்டுத்தான் வைவோம். ஆனால் தாய்மாமன் விருந்து வீட்டில் கை நனைக்காமல் எழுந்து போவது "ங்க" போடாமல் வைகிற மாதிரி. மறு வாரம் ஆள் மூலமாகச் சொல்லிவிட்டான்: ஆவணியில் மணமேடையில் உன் நெற்றியில் பட்டம் கட்டத் தாய்மாமன் வர வேண்டுமென்றால், நீ போனில் ஒரு நிமிடம் வீடியோவில் பேசி அனுப்ப வேண்டும். நான் இன்னார், காந்தத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவள், இந்த வளையம் வேலை செய்கிறது என்று. அதை அவன் வாங்குகிறவர்களுக்கெல்லாம் காட்டுவான். உங்கம்மா அன்றையிலிருந்து அழுகிறாள். மாமன் இல்லாமல் பட்டம் கட்டிய கல்யாணம் நம் வகையறாவில் கிடையாது. அவளுக்கு இருப்பதே ஒரு தம்பி.

நீயும் சரி என்றுவிட்டாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உன் ஆராய்ச்சியில் ஏதோ ஒரு கூட்டல் குறி கழித்தல் குறியாக விழுந்துவிட்டது என்று ஒரு தீபாவளிக்கு நீ ஊருக்கே வரவில்லை. "ஆருமே கவனிச்சிருக்க மாட்டாங்கப்பா, ஆனா எனக்குத் தெரியுமில்ல" என்றாய். நான் இங்கே உனக்கு எடுத்த சேலையை நாற்காலியில் வைத்துப் பார்த்துக்கொண்டு முறுக்கைக் கடித்தேன். யாரும் பார்க்காத ஒரு குறிக்காகத் தீபாவளியை விட்டவள், ஊரே பார்க்கப் போகிற பொய்யை ஒரு நிமிடத்தில் பேசி அனுப்புவாளா? உன் முகத்தையும் பட்டத்தையும் நம்பி எவனாவது ஒரு அப்பாவி உப்புத்தண்ணியை அப்படியே வாழைக்குப் பாய்ச்சுவான். குருத்துக் கருகி நிற்கும்போது அவன் உன் மாமனை வைய மாட்டான். டாக்டர் அம்மணி சொல்லுச்சு என்பான். கல்யாண வீட்டில் பொய் சொல்வது நம் குடும்பத்தில் என் இலாகா. பல வருடமாக நன்றாகவே பார்த்துவருகிறேன். அதில் நீ கை வைக்காதே.

இப்படி உனக்கு எழுத உட்கார்ந்தவன், எழுதி என்ன, நேரிலேயே கேட்டுவிடலாம் என்று நேற்றைக்குக் கடையைப் பூட்டிவிட்டு அன்னூருக்கே போய்விட்டேன். மாமன் வாசலில் உட்கார்ந்து தேங்காய் எண்ணுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். "வாங்க மச்சான்" என்றான், முகத்தைப் பார்க்காமல். உன் அத்தை காபி கொண்டுவந்தாள். கொஞ்ச நேரம் மழையைப் பற்றி, தேங்காயைப் பற்றி, எங்கள் இரண்டு பேருக்கும் ஆகாத ஒரு பங்காளியைப் பற்றிப் பேசினோம். கடைசி விஷயத்தில் நல்ல ஒற்றுமை இருந்தது. அப்புறம்தான் அவன் விஷயத்துக்கு வந்தான். "அத்தன பேருக்கு முன்னால சொல்லிப்போட்டாளுங்க. தனியாக் கூப்புட்டுச் சொல்லியிருக்கலாமில்லீங்களா? என்ற மடீல உக்கார வச்சுக் காது குத்துன புள்ளைங்க."

"அத்தன பேருக்கு முன்னால கேட்டது ஆருங்க மாப்ள?"

நான் தண்ணீர் கேட்டேன். அத்தை உள்ளே போனாள். கதவு திறந்துதான் இருந்தது. சமையலறை மூலையில் ஸ்டாண்டின் மேல், பெரிய நீல நிறத் தண்ணீர் கேன் கவிழ்ந்து உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் காலி கேன்கள் வரிசையாக. எனக்குள் என்னமோ குளிர்ந்தது அம்மணி. "ஊருக்கெல்லாம் காந்தம், ஊட்டுக்குக் கேனுங்களா மாப்ள?" என்றேன். "அது காபிக்கு மட்டுமுங்க" என்றான் அவன். உள்ளே அத்தை சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததில் அவனுக்கு ரோஷம் வந்தது. "அவ பேசி அனுப்பாம நான் வர மாட்டனுங்க" என்று துண்டை உதறினான்.

"அவ பேச மாட்டாளுங்க. நீங்க வர வேண்டாம். பட்டத்தை நானே கட்டிக்கறேன்" என்று எழுந்தேன்.

"அதெப்புடீங்க? அப்பன் பட்டங் கட்டறதா? எங்கீங்க நடக்குது அந்த அக்கிரமம்?" என்று அவனும் எழுந்துவிட்டான். உண்மையாகவே ஆத்திரம். தேங்காய் எண்ணுகிறவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "அது என்ற வேலைங்க. என்ற மடீல காது குத்துன புள்ளைக்கு இன்னொருத்தரு பட்டங் கட்டறதைப் பார்த்துட்டு நான் இங்க காயெண்ணிட்டு உக்காந்திருப்பனுங்களா?" என்றான். நான் வண்டியை எடுத்தேன். கேட் வரைக்கும் வந்தான். கல்யாணப் பத்திரிகை அவன் வீட்டுச் சுவரில் காலண்டர் ஆணியில்தான் தொங்குகிறது, நானே பார்த்தேன். ஆனாலும் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டான்: "முகூர்த்தம் விடியக்காலைங்களா?" "ஆமாங்க மாப்ள." "அப்ப மொத நாளே வந்தரோணும்" என்று மரத்திடம் சொன்னான்.

ஆகவே நீ ஒரு வார்த்தையும் பேச வேண்டாம் கண்ணு. கல்யாணத்தன்று அவன் காலில் விழு, தாராளமாக விழு. அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, அத்தனை பேர் முன்னால் சொன்னதற்கு வருத்தம் என்று சொல். சொன்னது தப்பு என்று மட்டும் சொல்லாதே. நாளைக்குப் பொள்ளாச்சியிலும் இதே மாதிரி ஒரு டம்ளரை உன் கையில் கொடுத்து இனிக்கிறதா என்று கேட்பார்கள். அப்போதும் இதே குரலில், இதே "ங்க" போட்டு, தெரிந்ததைச் சொல்.

நேற்றுச் சாயந்திரம் வெற்றி வீரன் மாதிரி வீட்டுக்கு வந்து உங்கம்மாவிடம் எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன். கேன் வந்த இடத்தில் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "எல்லாஞ் சரி, ஒண்ணுதான் எனக்கு வெளங்கல. காந்தம் ஒண்ணும் பண்ணலீன்னா அன்னைக்கு அத்தன பேருக்கும் எப்புடி இனிச்சுது? எனக்கு எப்புடி இனிச்சுது?" என்றேன்.

அவள் சொம்பைக் குடத்துக்குள் விட்டு ஒரு டம்ளர் மோந்து என் கையில் கொடுத்தாள். "ஏனுங்க, சம்பந்தி ஊட்டுக்காரங்க வந்திருக்கறப்ப ஆராச்சும் உப்புத்தண்ணியக் குடிக்கக் குடுப்பாங்களா? நான் குடத்துத் தண்ணியத்தானுங்க குடுத்தேன். உங்களுக்குஞ் சித்திரையிலிருந்து அதானுங்க."